வீடு கட்டும் காண்ட்ராக்டர், வணிகக் கட்டடம் கட்டும் காண்ட்ராக்டர்: வேறுபாடு எங்கே இருக்கிறது?

சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டி இரண்டு வரிசை ஏறியிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்காரர்கள் சைட்டுக்கு வருகிறார்கள். அந்த அம்மா அறையின் நடுவில் நின்று கட்டில் வரப்போகும் இடத்தைக் கையால் காட்டி, "இந்த ஜன்னல் இன்னும் ஒரு அடி அந்தப் பக்கம் போனா நல்லா இருக்குமே" என்கிறார். காண்ட்ராக்டர் டேப்பைப் பிடித்து அளக்கிறார். மேலே பீம் எந்த இடத்தில் வரும் என்று தூணைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். சாக்பீஸால் சுவரில் புதிய கோடு ஒன்றை இழுத்துவிட்டு, "சரிங்கம்மா, காலையில பிரிச்சுக் கட்டிடறோம்" என்கிறார். இரண்டு வரிசைக் கல்லைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அரை நாள் வேலை. ஒரு தாள்கூட எழுதப்படவில்லை.

அதே ஆசை ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் எழுந்தால் என்ன ஆகும்? முகப்புக் கண்ணாடி அளவு கொடுத்துத் தொழிற்சாலையில் வெட்டியாகிவிட்டது. அந்த ஜன்னலுக்கு மேலே ஏசி காற்று இறங்கும் வழி இருக்கிறது. தீயணைப்புத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களின் இடைவெளி அந்த அறையின் அளவுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே கேள்வி எழுத்தில் ஆர்க்கிடெக்டிடம் போகும். அவர், கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடமும் ஏசி வடிவமைப்பாளரிடமும் கேட்பார். காண்ட்ராக்டர் கூடுதல் செலவையும் கூடுதல் நாட்களையும் எழுதிக் கொடுப்பார். உரிமையாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒரு கல் நகரும். இரண்டு மூன்று வாரம் சாதாரணமாக ஓடிவிடும்.

முதல் காண்ட்ராக்டர் பொறுப்பில்லாதவரும் அல்ல, இரண்டாமவர் சோம்பேறியும் அல்ல. நான் இரண்டு வகை சைட்டிலும் நின்றிருக்கிறேன். வீட்டு வேலையில் பல முடிவுகள் சைட்டில், பேச்சில், கடைசி நேரத்தில் பிறக்கின்றன. வணிக வேலையில் முடிவு முதலில் தாளில் எடுக்கப்பட்டு, பிறகு சைட்டுக்கு இறங்குகிறது. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவைதான்.

அளவை வைத்துப் பிரித்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். மூன்று மாடிப் பங்களா ஒன்று, தெருமுனையில் இருக்கும் பல் மருத்துவமனையைவிட நான்கு மடங்கு பெரியதாக இருக்கலாம். ஆனாலும் பங்களா வீட்டு வேலை, பல் மருத்துவமனை வணிக வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பு இன்னும் சிக்கல். மக்கள் அங்கே வாழ்கிறார்கள், ஆனால் லிப்ட், பொதுப் படிக்கட்டு, தீயணைப்பு பம்ப், ஒரே கட்டடத்தில் எத்தனையோ உரிமையாளர்கள் என்று கட்டும் முறை முழுக்க வணிகக் கட்டடத்தின் முறை. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் மாதிரி விதித் தொகுப்புகள் இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன: ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் வாழும் வீடுகளும், மூன்று மாடிக்கு மிகாத தொடர் வீடுகளும் ஒரு தொகுப்பில் வரும். அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடை, அலுவலகங்களோடு சேர்ந்து இன்னொரு தொகுப்புக்குள் போய்விடும்.

ஆகவே ஒரு வேலை எந்த வகை என்று சந்தேகம் வந்தால் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்தக் கட்டடத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் எத்தனை பேர் வந்து போவார்கள்? பணம் போடுகிறவருக்கும் கல் வைக்கிற கொத்தனாருக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? இரண்டு எண்ணும் கூடக் கூட, வேலை வணிகப் பக்கம் சாய்கிறது.

பாரம்

கட்டடத்தின் சொந்த எடை போக, உள்ளே வந்து போகும் ஆட்கள், மேஜை நாற்காலி, சரக்கு ஆகியவற்றின் எடையை லைவ் லோட் என்பார்கள். வீட்டுத் தளத்தை வடிவமைக்கும்போது பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ என்று எடுத்துக்கொள்வார்கள். அலுவலகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடும். கடைகளுக்கு 400, 500 கிலோ வரை போகும். நூலகத்தில் புத்தக அடுக்குகள் நிற்கும் அறை, சரக்குக் கிடங்கு இவற்றுக்கு அதற்கும் மேலே.

இதோடு இடைவெளிப் பிரச்சினையும் சேர்கிறது. வீட்டில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே மூன்று நான்கு மீட்டர் இருந்தால் போதும், இடையில் எப்படியும் சுவர் வரும். அலுவலகத்திலும் கடையிலும் இடம் திறந்து கிடக்க வேண்டும் என்பதால் எட்டு ஒன்பது மீட்டர் கேட்பார்கள். பாரம் இரட்டிப்பு, தூரமும் இரட்டிப்பு. ஒரே சீரான பாரம் தாங்கும் பீமில் வளைக்கும் விசை தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். அதாவது தூரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. பாரமும் இரட்டிப்பானால் எட்டு மடங்கு. வீட்டு வேலையில் இருபது வருடம் பழகிய கண், "இந்த பீமுக்கு இத்தனை கம்பி போதும்" என்று சொல்வது வீட்டுக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இங்கே அந்தக் கண்ணை நம்ப முடியாது. இரும்புச் சட்டகமும், காங்கிரீட்டுக்குள் கேபிளை இறுக்கி இழுத்துப் பிடிக்கும் போஸ்ட் டென்ஷன் முறையும் வணிகக் கட்டடங்களில் அடிக்கடி தென்படுவது இதனால்தான்.

இந்தப் பாரக் கணக்கை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, தென் கொரியாவின் சியோல் நகரில் இருந்த சாம்பூங் அங்காடியை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. வேறு பயன்பாட்டுக்காக, நான்கு மாடியாகத் திட்டமிட்ட கட்டடம் அது. கட்டும்போதே அதைப் பெரிய கடையாக மாற்ற உரிமையாளர் முடிவு செய்தார். எஸ்கலேட்டருக்கு வழிவிடத் தூண்கள் எடுக்கப்பட்டன. ஐந்தாவது மாடி ஒன்று ஏற்றப்பட்டது. அதில் உணவகங்கள் வந்தன. மொட்டை மாடியில் கனமான ஏசி இயந்திரங்கள் உட்கார்ந்தன. முதலில் வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டர் இந்த மாற்றங்களைச் செய்ய மாட்டேன் என்று மறுத்தார். அவரை நீக்கிவிட்டு, உரிமையாளர் தன் சொந்த நிறுவனத்தை வைத்து வேலையை முடித்தார். 1995 ஜூன் 29 மாலை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கட்டடம் இடிந்து விழுந்தது. 502 பேர் இறந்தார்கள்.

மறுத்த அந்தக் காண்ட்ராக்டரை நான் மிகவும் மதிக்கிறேன். வாடிக்கையாளர் சொன்னதற்கெல்லாம் "சரி" என்று சாக்பீஸ் கோடு போடும் பழக்கம் வீட்டு வேலையில் நற்பெயர் வாங்கித் தரும். வணிக வேலையில் சில நேரம் "முடியாது" என்று எழுத்தில் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாதவர்கள் வெளியேறும் வழி

சொந்த வீட்டில் கரண்ட் போனாலும் இருட்டில் தடவித் தடவி வாசலுக்கு வந்துவிடுவோம். முதல் முறை வந்த கடையில் புகை சூழ்ந்தால் எங்கே ஓடுவது? வணிகக் கட்டட விதிகளில் பாதி, இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். குறைந்தது இரண்டு படிக்கட்டு, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். வெளியேறும் வழியில் விளக்கு எரிய வேண்டும், மின்சாரம் போனாலும் எரிய வேண்டும். படிக்கட்டுக்குள் புகை புகாத கதவு வேண்டும். பலர் கூடும் அறையின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், ஏனென்றால் பயந்த கூட்டம் கதவை முட்டித் தள்ளுமே தவிர, பின்னால் நகர்ந்து இழுத்துத் திறக்காது.

இந்த விதிகளுக்காகப் பலர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஷர்ட்வெயிஸ்ட் என்ற தையல் தொழிற்சாலையில் தீ பிடித்தது. கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளில் அது இயங்கியது. படிக்கட்டுக்குப் போகும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். அதற்குப் பிறகுதான் வெளியேறும் வழி பற்றிய சட்டங்கள் இறுகின.

சக்கர நாற்காலியில் வருபவருக்கான சாய்தளமும் இதே வகைதான். ஒரு மீட்டர் உயரம் ஏறப் பன்னிரண்டு மீட்டர் நீளம் விட வேண்டும் என்பது பரவலான கணக்கு. வீட்டு காண்ட்ராக்டர் ஒருவர் இடத்தை மிச்சப்படுத்த ஆறு மீட்டரில் முடித்துவிட்டால், பார்க்க அது சாய்தளமாகத்தான் இருக்கும். தனியாக வரும் ஒருவரால் ஏற முடியாது.

சீலிங்குக்கு மேலே ஒரு சண்டை

வணிக காண்ட்ராக்டரின் திறமை எங்கே வெளிப்படுகிறது என்று கேட்டால், பால்ஸ் சீலிங்குக்கும் மேல் தளத்துக்கும் நடுவில் இருக்கும் இருட்டு இடத்தைக் காட்டுவேன்.

ஒரு மாடியின் உயரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தளத்தோடு சேர்த்து பீம் 600 மில்லிமீட்டர். பீமுக்குக் கீழே 3400 மில்லிமீட்டர் மிச்சம். சீலிங் 2700 உயரத்தில் வர வேண்டும் என்று உரிமையாளர் சொல்கிறார். ஆக, நடுவில் கிடைப்பது 700. இப்போது உள்ளே போக வேண்டியவற்றைப் பாருங்கள். ஏசி காற்று போகும் குழாயான டக்ட் 350, சுற்றிக் கட்டும் பஞ்சோடு சேர்த்து 400. மேல் மாடிக் கழிப்பறையின் கழிவுக் குழாய் 100. ஆனால் அது படுத்துக் கிடக்கக் கூடாது, ஓட்டம் வேண்டும். நூறுக்கு ஒன்று என்று சரிவு வைத்தால், பதினைந்து மீட்டர் தூரத்தில் 150 இறங்கிவிடும். ஆக அதற்கு 250. கீழே விளக்குப் பெட்டிகளுக்கு 100. கூட்டினால் 750. ஐம்பது மில்லிமீட்டர் இடிக்கிறது. ஸ்பிரிங்க்ளர் குழாயையும் கேபிள் தட்டையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதை யார், எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் வேலையே இருக்கிறது. நல்ல வணிக காண்ட்ராக்டர், சைட்டில் ஒரு குழாய் ஏறும் முன்பே எல்லா வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார். கழிவு நீர் மேல்நோக்கி ஓடாது, ஆகவே அதன் பாதையை முதலில் முடிவு செய்வார். அடுத்து டக்ட், ஏனென்றால் அது பெரியது. 350 உயரத்தை 250 ஆக்கி அகலத்தைக் கூட்டச் சொல்வார், நூறு மில்லிமீட்டர் கிடைத்துவிடும். பிறகு தண்ணீர்க் குழாய்கள். மின் கேபிள் எப்படி வேண்டுமானாலும் வளையும் என்பதால் கடைசியில். தாளில் இது ஒரு கோட்டை அழித்துப் போடும் வேலை.

தாளில் பார்க்காமல் விட்டால்? முதலில் வந்த டக்ட்காரர் தனக்கு வசதியான உயரத்தில் மாட்டிவிட்டுப் போவார். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, சரிவைக் குறைத்துக் குழாயை நுழைப்பார். ஒரு வருடம் கழித்து அந்தக் கழிப்பறை மாதம் தவறாமல் அடைத்துக்கொள்ளும். யாருக்கும் காரணம் புரியாது.

வீட்டில் இந்தச் சண்டை அநேகமாக வராது. பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரும் வருடக்கணக்காக ஒரே காண்ட்ராக்டரோடு வேலை செய்பவர்கள், ஒருவர் வழி மற்றவருக்குத் தெரியும். சுவரை வெட்டிக் குழாயை மறைத்து, பூசிவிடலாம். வணிக சைட்டில் இருபது முப்பது சப் காண்ட்ராக்டர்கள் இருப்பார்கள். பாதிப் பேர் ஒருவரையொருவர் முதல் முறை பார்ப்பவர்கள். அவர்களைக் கோர்க்கும் நூல்தான் மெயின் காண்ட்ராக்டர். அவரிடம் திட்டமிடும் இன்ஜினீயர், அளவெடுத்து பில் போடுபவர், பாதுகாப்பு அதிகாரி, தரம் பார்ப்பவர் என்று கொத்து வேலையில் கையே வைக்காத ஒரு கூட்டம் இருக்கும். அந்தச் சம்பளமும் உங்கள் பில்லில்தான் ஏறும்.

பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான் என்பது என் எண்ணம். வீட்டு வேலையில் பணம் கட்டம் கட்டமாக வரும்: பேஸ்மென்ட் தொடங்க ஒரு பங்கு, ஜன்னல், கதவுகளுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு ஒரு பங்கு, ரூஃப் போட ஒரு பங்கு, பூச்சுக்கு ஒரு பங்கு. பெரும்பாலும் அந்தக் கட்டம் தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிடும். வார இறுதியில் கூலி போட அதுதான் கைமுதல். சுருக்கமாகச் சொன்னால் வீட்டுக்காரர் காண்ட்ராக்டருக்குக் கடன் கொடுத்து வேலை வாங்குகிறார். (வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொடுத்த பணம் முடிந்த வேலையைவிட அதிகமாக முன்னே ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

வணிக வேலையில் ஓட்டம் தலைகீழ். மாதம் முழுக்க வேலை செய்துவிட்டு, மாத முடிவில் அளவெடுத்து ரன்னிங் பில் போட வேண்டும். உரிமையாளர் வைத்திருக்கும் ஆலோசகர் அதைச் சரிபார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். பிறகுதான் பணம். பன்னாட்டு அளவில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தப் படிவத்தின் 1999-ஆம் வருடப் பதிப்பை எடுத்துக்கொண்டால், பில் ஆலோசகர் கைக்குப் போனதிலிருந்து பணம் தர உரிமையாளருக்கு 56 நாள் இருக்கிறது. மாதத்தின் 30 நாளையும் சேர்த்தால், ஒன்றாம் தேதி கொத்தனாருக்குக் கொடுத்த கூலி 86-ஆம் நாள்தான் திரும்பி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கம்பி, சிமென்ட், கூலி, கிரேன் வாடகை எல்லாம் காண்ட்ராக்டரின் பொறுப்பு. தொடக்கத்தில் முன்பணம் தருவது உண்டு, ஆனால் அதற்கு ஈடாக வங்கி உத்தரவாதம் கேட்பார்கள்.

வந்த பணமும் முழுதாக வராது. ஒவ்வொரு பில்லிலும் ரிட்டென்ஷன் என்று ஒரு பகுதியை, பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை, பிடித்து வைப்பார்கள். வேலை முடிந்து ஒப்படைத்ததும் அதில் பாதி. பழுது பார்த்துத் தர வேண்டிய காலம், வழக்கமாக ஒரு வருடம், முடிந்த பிறகு மீதி. தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை கழியும்.

கைத்தொழில் சுத்தமான வீட்டு காண்ட்ராக்டர்கள் வணிக வேலைக்குள் வந்து விழுவதைப் பார்த்து மனம் கனத்திருக்கிறேன். அவர்கள் போட்ட காங்கிரீட்டில் குறை இருக்காது. மூன்றாவது மாதம் கூலி போடப் பணம் இருக்காது. அவர்கள் விழுந்த இடம் கட்டடக் கலை அல்ல, 86-ஆம் நாள் வரை தாக்குப் பிடிக்கும் கைமுதல்.

காங்கிரீட் சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 150 மில்லிமீட்டர் பெட்டிகளில் காங்கிரீட்டை நிரப்பிக் கட்டிகளாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிப் பார்க்கும் கியூப் டெஸ்ட் வணிக சைட்டுகளில் கட்டாயம். வீட்டு சைட்டுகளில் பலர் செய்வதில்லை. இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். செலவு சொற்பம், வீட்டுக்காரர் கேட்டால் போதும், எந்த நல்ல காண்ட்ராக்டரும் மறுக்க மாட்டார்.

யாரை அழைப்பது?

தனி வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், வீட்டு காண்ட்ராக்டர்தான். டைல்ஸ் இணைப்பு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பிரித்து ஒட்டும் பொறுமை, குடும்பத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதைக் கேட்டு ஒரு முடிவுக்குக் கொண்டு வரும் பக்குவம், இவை பெரிய நிறுவனங்களிடம் அரிது. வணிக காண்ட்ராக்டரை வீட்டு வேலைக்கு வைத்தால் ஜன்னலை ஒரு அடி நகர்த்த அவரும் படிவம் நீட்டுவார். அலுவலகக் கோபுரம், மருத்துவமனை, பெரிய கடை என்றாலும் யோசிக்க வேண்டாம், வணிக காண்ட்ராக்டர்.

நடுவில் இருப்பவைதான் சிக்கல்: வீட்டைச் சின்ன மருத்துவமனையாக மாற்றுவது, கீழே கடை மேலே வீடு, மாடியில் டியூஷன் சென்டர். இவற்றைப் பெரிய நிறுவனங்கள் தொட மாட்டார்கள், தொட்டாலும் கட்டுப்படியாகாது. வீட்டு காண்ட்ராக்டரே செய்யலாம், ஆனால் தனியாக அல்ல. புதிய பாரத்தைப் பழைய தளம் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல் மருத்துவரின் நாற்காலி பரவாயில்லை, எக்ஸ்ரே இயந்திரம் வேறு, மாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டி முற்றிலும் வேறு. வெளியேறும் வழியைத் தீயணைப்பு விதிகள் தெரிந்தவர் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் "எதுக்குங்க, நான் எத்தனை வீடு கட்டியிருக்கேன்" என்று தள்ளிவிடுகிறவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வணிக வேலைக்கு ஆள் பார்க்கும்போது, முடித்த கட்டடங்களின் போட்டோ ஆல்பத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கடைசியாக முடித்த வேலையில் நடுவில் வந்த மாற்றங்களின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்: என்ன மாற்றம், யார் கேட்டது, எத்தனை நாள் கூடியது, எவ்வளவு செலவு, யார் கையெழுத்து. ஐந்து நிமிடத்தில் பைலை எடுத்து வைக்கிறாரா, "அதெல்லாம் பேசியே முடிச்சுக்கிட்டோம்" என்கிறாரா என்று பாருங்கள். வீடு கட்டத்தான் ஒருவரை அழைக்கிறீர்கள் என்றால், அவர் முடித்துக் கொடுத்த வீட்டுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், மழைக்காலத்தில் ஜன்னல் ஓரம் கசிந்ததா, கசிந்தபோது கூப்பிட்டதும் வந்தாரா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.